‘கிமி நோ நா வா’ பார்த்து அழுதது யாருக்காக?

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இவ்வளவுதான்: “எல்லாரும் தலையில் வைத்துக் கொண்டாடும் ‘கிமி நோ நா வா’ படத்தை (‘யுவர் நேம்’ என்று ஆங்கிலத்தில் வந்தது) இப்போதுதான் பார்த்தேன். எந்தக் காட்சியை நிறுத்தினாலும் சட்டம் போட்டு மாட்டலாம். ஆனால் அந்தப் பையனுக்கும் பெண்ணுக்கும் காதல் எப்போது வந்தது என்றே பிடிபடவில்லை. கதையிலும் பெரிய பெரிய ஓட்டைகள். அப்படியும் கடைசியில் கண் கலங்கிவிட்டது. படம் நல்ல படமா, இல்லை பாட்டையும் வானத்தையும் காட்டி என்னை ஏமாற்றிவிட்டார்களா?”

நான் இதை நாலு தடவை பார்த்திருக்கிறேன். முதல் முறை லேப்டாப்பில், நடுராத்திரியில், ஆங்கில சப்டைட்டிலோடு. கடைசியாகப் போன வருஷம், பிளஸ் டூ படிக்கும் அக்கா மகளோடு. நாலு தடவையும் எரிச்சல் வந்தது, நாலு தடவையும் கண்ணும் கலங்கியது. அதனால் இந்தக் கேள்வியை எனக்கு நானே ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். எனக்குக் கிடைத்த பதில் இது: உங்கள் அழுகை உண்மையானது, ஆனால் படம் கைகாட்டிய இடத்துக்காக நீங்கள் அழவில்லை. நீங்கள் அழுதது ஒரு ஊருக்காக. காதலர்களைக் காட்டி ‘இவர்களுக்காக அழுதீர்கள்’ என்று படம் சொல்லும்போதுதான் நமக்கு உள்ளே ஏதோ இடிக்கிறது.

கதை முழுவதையும் உடைத்துத்தான் பேசப்போகிறேன். படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வரலாம்.

2016 ஆகஸ்டில் ஜப்பானில் வெளியான அனிமேஷன் படம். எழுதி இயக்கியவர் மகோதோ ஷின்காய். மிட்சுஹா என்ற பெண் இடோமோரி என்ற மலையூரில், ஒரு ஏரிக்கரையில் இருக்கிறாள். பரம்பரையாக ஷிண்டோ (ஜப்பானின் பூர்விக மதம்) கோயிலைப் பார்த்துக்கொள்ளும் குடும்பம். தாக்கி என்ற பையன் டோக்கியோவில் இருக்கிறான். பள்ளிக்கூடம் முடிந்ததும் ஒரு இத்தாலிய உணவகத்தில் வேலை. இரண்டு பேருக்கும் பதினேழு வயது. சில நாள் தூங்கி எழுந்தால் அவள் உடம்பில் இவன், இவன் உடம்பில் அவள். போனில் டைரி எழுதி, கையில் கிறுக்கி வைத்து, சண்டை போட்டு, ஒருவர் வாழ்க்கையை இன்னொருவர் ஓட்டுகிறார்கள். திடீரென்று ஒரு நாள் அது நின்றுபோகிறது. நினைவில் இருக்கும் ஏரியைப் படமாக வரைந்துகொண்டு தாக்கி அவளைத் தேடிப் போகிறான். ஒரு ராமென் கடைக்காரர் அந்தப் படத்தைப் பார்த்து ‘இது இடோமோரி ஆச்சே’ என்கிறார். அந்த ஊர் மூன்று வருஷத்துக்கு முன்பே, 2013 அக்டோபர் 4 அன்று, வால்நட்சத்திரத்திலிருந்து உடைந்த துண்டு விழுந்து அழிந்துபோயிருக்கிறது. ஐநூறு பேருக்கு மேல் செத்துப்போனார்கள். இறந்தவர்கள் பட்டியலில் மிட்சுஹாவின் பெயரும் இருக்கிறது.

முதல் தடவை பார்த்தபோது இந்த இடத்தில் நான் படத்தை நிறுத்திவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன். அதுவரை விளையாட்டாகப் போன படம் காலுக்கடியில் தரையை உருவிவிட்டது. இந்தத் திருப்பத்தைப் பற்றி எனக்கு இரண்டாம் கருத்தே கிடையாது. அபாரம்.

முதலில் அழகைப் பேசிவிடுவோம், ஏனென்றால் குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. ஷின்காய் 2002-ல் இருபத்தைந்து நிமிடப் படம் ஒன்றை ஏறக்குறைய தனியாளாக, வீட்டுக் கணினியில் செய்து பெயர் வாங்கியவர். அன்றிலிருந்து அவர் கையெழுத்து வெளிச்சம்தான். சூரியனை எதிரே வைத்துத்தான் வரைவார். ரயில் ஜன்னலில் ஊர்ந்துபோகும் ஒளி, மழை நின்றபின் தார்ச்சாலையில் தெரியும் வானம், பாத்திரத்தின் விளிம்பில் ஒரு மினுக்கு என்று நாம் தினம் பார்த்தும் பார்க்காமல் விட்டதையெல்லாம் நிறுத்திக் காட்டுவார். இந்தப் படத்தில் அவருக்குக் கூடுதல் பலம் மசாஷி ஆண்டோ. ஜப்பானின் புகழ்பெற்ற அனிமேஷன் நிறுவனமான ஜிப்ளி ஸ்டூடியோவில் பெரிய படங்களுக்கு வேலை பார்த்தவர். இங்கே அனிமேஷன் இயக்குநர். பழைய ஷின்காய் படங்களில் பின்னணி பேசும், ஆட்கள் பொம்மை போல நிற்பார்கள். இதில் ஆட்களும் அசைகிறார்கள்: தாக்கி மிட்சுஹாவாக இருக்கும்போது அந்த உடம்பு காலை அகட்டி உட்காரும், தோளை ஆட்டி நடக்கும். ஒரே முகம், உள்ளே யார் என்று அசைவிலேயே தெரிந்துவிடும்.

இன்னொரு சின்ன விஷயம். அடுத்த முறை பார்த்தால் கதவுகளைக் கவனியுங்கள். வீட்டுத் தள்ளுகதவு, ரயில் கதவு எல்லாவற்றையும் கதவு ஓடும் தடத்தில் கண்ணை வைத்தது போலக் காட்டுவார். கதவு நம் முகத்துக்கு நேரே இழுத்துச் சாத்தும். மொத்தப் படமும் ஒரு எல்லையைக் கடப்பதைப் பற்றியது. அதை ஒரு வார்த்தை சொல்லாமல் இப்படிக் காட்டிவிடுகிறார்.

ஆனால் இந்த அழகே சில இடங்களில் கதைக்கு எதிரியாகிவிடுகிறது. மிட்சுஹாவுக்கு ஊர் பிடிக்கவில்லை. ரயில் எப்போதாவது ஒன்றுதான் வரும், புத்தகக்கடை இல்லை, பல் டாக்டர் இல்லை; ‘கஃபே’ போகலாம் என்று நண்பன் கூட்டிப்போனால் அது தானியங்கி இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சு. ‘அடுத்த ஜென்மத்திலாவது என்னை டோக்கியோவில் அழகான பையனாகப் பிறக்க வை’ என்று கோயில் படியில் நின்று கத்துகிறாள். நியாயமான கத்தல். ஆனால் அவள் நிற்கும் இடமோ, நாமெல்லாம் விமானச் செலவு செய்து போய்ப் பார்க்க நினைக்கும் இடமாக வரையப்பட்டிருக்கிறது. அவளுடைய மூச்சுத்திணறலை நம்மால் உணர முடிவதில்லை. டோக்கியோவும் அப்படியே. நெரிசல் ரயில்கூட அங்கே ஜொலிக்கிறது. எல்லா இடமும் ஒரே மாதிரி ஏக்கத்தில் தோய்ந்திருந்தால், எதை விட்டு எதற்கு ஏங்குகிறாள் என்பது மங்கிவிடுகிறது.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் படம் தன் அழகைத் தானே சந்தேகப்படுகிறது. வால்நட்சத்திரம் வரும் இரவு. அந்தப் பிளவும் நிறமும் அவ்வளவு அழகு. டோக்கியோவில் மாடியில் நின்று சின்னப் பையன் தாக்கி அதை வாய் பிளந்து பார்க்கிறான். கனவில் வரும் காட்சி போல வெறும் அழகாக மட்டும் இருந்தது என்று படத்தின் தொடக்கத்திலேயே குரல் வருகிறது. அப்போது நமக்கும் அது அழகுதான். பிறகுதான் தெரிகிறது, அவன் ரசித்துக்கொண்டிருந்த அந்த நிமிடத்தில் அதே வெளிச்சத்துக்குக் கீழே ஐநூறு பேர் சாகிறார்கள் என்று. தூரத்தில் இருப்பவனுக்குப் பேரழிவு ஒரு காட்சி. இந்த ஓர் எண்ணத்துக்காகவே அந்த ஓவியமெல்லாம் தகும் என்பேன். (வால்நட்சத்திரத்துக்கு வைத்த பெயர் தியாமத். பாபிலோனியக் கதையில் தியாமத் ஆதிக்கடல் தேவதை. அவள் உடலை இரண்டாகப் பிளந்து வானமும் பூமியும் செய்தார்கள். இரண்டாகப் பிளக்கப்போகிறது என்று பெயரிலேயே சொல்லிவிட்டார், நமக்குத்தான் காதில் விழவில்லை.)

அடுத்து மொழி. சப்டைட்டிலில் தொலைந்துபோவது நிறைய. மிட்சுஹா முதல் முறை தாக்கியின் உடம்பில் பள்ளிக்கூடம் போய் நண்பர்களிடம் பேசும்போது ‘வதாஷி’ என்கிறாள். நண்பர்கள் ஒருமாதிரிப் பார்க்கிறார்கள். உடனே ‘வதாகுஷி’ என்று மாற்றுகிறாள், அது இன்னும் மோசம். ‘போகு’, ம்ஹூம். கடைசியில் ‘ஓரே’ என்றதும் நண்பர்கள் தலையாட்டுகிறார்கள். எல்லாவற்றுக்கும் அர்த்தம் ‘நான்’தான். ஜப்பானியத்தில் அந்த வயதுப் பெண் சொல்லும் ‘நான்’ வேறு, பையன் கூட்டாளிகளிடம் சொல்லும் ‘நான்’ வேறு. நமக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே ‘நான்’, ஆங்கிலத்திலும் அப்படியே. அதனால் படத்திலேயே கெட்டிக்காரத்தனமான நகைச்சுவை நமக்குப் பாதிதான் வந்து சேர்கிறது. ‘நான்’ என்று சொல்வதற்கே தடுமாறும் ஒருத்தியைக் காட்டிவிட்டுத்தான் ‘நீ யார்’ என்ற கேள்விக்குப் போகிறார்கள்.

அந்திக்குரிய சொல்லும் இதே மாதிரிதான். வகுப்பறைக் காட்சியில் டீச்சர் ‘மன்யோஷூ’ என்ற பழந்தொகையிலிருந்து ஒரு பாட்டைப் பலகையில் எழுதி, அந்தியைக் குறிக்கும் ‘தாசோகாரே’ என்ற சொல் ‘யார் அது?’ என்ற கேள்வியிலிருந்து வந்தது என்கிறார். ஆள் அடையாளம் தெரியாமல் மசங்கும் நேரம், மனிதனல்லாததையும் பார்க்க நேரும் நேரம். மாணவர்கள் எங்கள் ஊரில் அதை ‘கதாவாரே’ நேரம் என்போம் என்கிறார்கள். அந்தச் சொல்லில் ஜோடியில் ஒன்று, உடைந்ததில் ஒரு துண்டு என்ற பொருளும் கேட்கும். வால்நட்சத்திரத்தின் துண்டும் அதுதான், இந்த இரண்டு பேரும் அதுதான். பிறகு மலையுச்சியில் இவர்கள் நேருக்கு நேர் பார்த்துக்கொள்வது அந்த அந்தி நேரத்தில் மட்டுமே. இப்படித் திட்டமிட்டு நெய்தவரைக் கதையே தெரியாதவர் என்று யாரும் சொல்ல முடியாது.

சரி, காதல். உங்கள் புகார் இதுதான், என்னுடையதும் இதுவாகத்தான் இருந்தது. உடல் மாறும் நாட்கள் முழுவதையும், அதாவது இவர்கள் ஒருவரை ஒருவர் அறிந்துகொண்டிருக்க வேண்டிய காலத்தை, ராட்விம்ப்ஸ் என்ற ராக் இசைக்குழுவின் ஒரு துள்ளல் பாட்டுக்குள் அடைத்துவிடுகிறார்கள். பாட்டு முடிந்ததும் ஊடல், கூடல் எல்லாம் முடிந்துவிட்டது என்று நாம் நம்பிக்கொள்ள வேண்டும். ஒருவர் பணத்தை இன்னொருவர் கேக் தின்றே காலி பண்ணுவது, அவன் ஜொள்ளுவிடும் ஒகுதேரா அக்காவோடு இவளே டேட் ஏற்பாடு செய்துவிடுவது எல்லாம் வேடிக்கையாக இருக்கிறது. ஆனால் அவனுக்கு அவளிடம் எது பிடித்தது? அவளுக்கு அவனிடம்? தெரியாது. பாட்டு முடிந்தது, காதல் வந்தது. தமிழ்ப் படம் பார்த்து வளர்ந்த நமக்கே இது கொஞ்சம் அவசரமாகப் படுகிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதைத்தான் அக்கா மகளிடம் சொன்னேன். அவள் சிரித்துவிட்டு, “மாமா, நீங்க பாட்டு வர்ற இடத்துல காதலைத் தேடுறீங்க. அவ முடியை வெட்டிக்கிட்டு வந்து நின்னாளே, அதைப் பாக்கலையா?” என்றாள்.

பார்த்திருந்தேன், ஆனால் சேர்த்துப் பார்க்கவில்லை. திருவிழா இரவில் மிட்சுஹா யுகாதா என்ற மெல்லிய கிமோனோவை உடுத்திக்கொண்டு குட்டை முடியோடு வருகிறாள், நண்பர்கள் திகைக்கிறார்கள். ஏன் வெட்டினாள் என்று படம் அப்போது சொல்வதில்லை. வெகுநேரம் கழித்துத்தான் தெரிகிறது. அதற்கு முந்தைய நாள் அவள் யாரிடமும் சரியாகச் சொல்லாமல் டோக்கியோ போயிருக்கிறாள், அவனைப் பார்க்க. நாளெல்லாம் தேடி, சாயங்காலம் ஒரு ரயில் பெட்டியில் கண்டுபிடிக்கிறாள். எதிரே போய் நிற்கிறாள். ‘என்னை ஞாபகம் இல்லையா?’ என்கிறாள். அவன் நிமிர்ந்து பார்த்து ‘யார் நீ?’ என்கிறான். அவன் பொய் சொல்லவில்லை. அது 2013. அவன் இன்னும் பதினாலு வயதுப் பையன், கையில் ஆங்கில வார்த்தை அட்டை. இந்த மாற்றமெல்லாம் அவனுக்கு நடக்க இன்னும் மூன்று வருஷம் இருக்கிறது. அவளுக்கு அது தெரியாது. இறங்கும்போது பெயரைச் சொல்லி, தலையில் கட்டியிருந்த சிவப்புக் கயிற்றை அவிழ்த்து அவன் பக்கம் நீட்டிவிட்டுப் போகிறாள். ஊருக்குத் திரும்பி, பாட்டியிடம் சொல்லி முடியை வெட்டிக்கொள்கிறாள். மறுநாள் வானம் விழுகிறது.

இந்த ஒரு காட்சிக்காக அந்தப் பாட்டை மன்னித்துவிடலாம் என்று இப்போது தோன்றுகிறது. அக்கா மகள் சொன்னது பாதி சரி. மிட்சுஹாவின் காதலைப் படம் காட்டியிருக்கிறது, ஒளித்துவைத்துக் காட்டியிருக்கிறது. தாக்கியின் காதலைத்தான் காட்டவே இல்லை. அவன் ஓடுகிறான், கத்துகிறான், அழுகிறான். யாருக்காக என்று கேட்டால் ‘பெயர் ஞாபகம் இல்லாத ஒருத்தி’க்காக. அவள் உள்ளங்கையில் பெயர் எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு ‘பிடிச்சிருக்கு’ என்ற அர்த்தத்தில் ‘ஸுகி தா’ என்று எழுதிவைப்பது அழகான தருணம். இதை வைத்து உன் பெயரை எப்படி ஞாபகம் வைத்துக்கொள்வேன் என்று அவள் அழுவது அதைவிட அழகு. ஆனால் அவன் பக்கத்துக் கணக்கு அங்கே எழுதப்பட்டதோடு சரி, அதற்கு முன்னால் அதைச் சம்பாதித்ததாக எனக்குத் தெரியவில்லை. ஒரு சக்கரம் பெரிது, ஒரு சக்கரம் சிறிது. வண்டி ஒருபக்கமாகச் சாய்ந்தே ஓடுகிறது. நீங்கள் உணர்ந்த இடறல் இதுவாக இருக்கலாம்.

ஓட்டைகளைப் பற்றி அதிகம் பேச வேண்டாம், ஆனால் ஒன்று மட்டும். இரண்டு பேருக்கும் நடுவே மூன்று வருஷ இடைவெளி. போனும் கையுமாக வாழும் இரண்டு பதினேழு வயதுக்காரர்கள், வாரம் இரண்டு மூன்று தடவை இடம் மாறுகிறார்கள், வருஷத்தைப் பார்க்கவே இல்லை. வருஷத்தை விடுங்கள், கிழமைகூட ஒத்துப்போகாது: 2013 அக்டோபர் 4 வெள்ளிக்கிழமை, 2016-ல் அதே நாள் செவ்வாய். ஒரு ஊரே அழிந்த செய்தி நாடு முழுக்க ஓடியிருக்கும், அந்த வால்நட்சத்திரத்தைத் தாக்கியே நேரில் பார்த்திருக்கிறான். அப்படியும் ‘இடோமோரி’ என்ற பெயரைக் கேட்டு அவனுக்கு மணி அடிக்கவில்லை.

இதற்கு ஒரு சமாதானம் உண்டு, எனக்குப் பிடித்த சமாதானமும்கூட. ஷின்காய் இந்தக் கதையைத் தொடங்கியது ஒனோ நோ கொமாச்சி என்ற ஒன்பதாம் நூற்றாண்டுப் பெண்கவியின் பாட்டிலிருந்து. அவனை நினைத்துக்கொண்டே தூங்கினதால்தான் வந்தானோ, கனவென்று தெரிந்திருந்தால் விழித்திருக்கவே மாட்டேனே என்பது அதன் சாரம். படத்துக்கு முதலில் யோசித்த தலைப்பே ‘கனவென்று தெரிந்திருந்தால்’ என்பதுதான். கனவில் யார் காலண்டர் பார்ப்பார்கள்? விழித்ததும் முகம் மங்குவதும், பெயர் நழுவுவதும் கனவின் இயல்பு. இப்படி எடுத்துக்கொண்டால் முதல் பாதியின் ஓட்டைகளெல்லாம் அடைபட்டுவிடும்.

சிக்கல், படம் பிற்பாதியில் கனவாக இருக்க மறுக்கிறது. தாக்கி மறுபடியும் அவள் உடம்பில், ஊர் அழியும் அந்த நாளில் எழுந்து, எல்லாரையும் காப்பாற்றக் கிளம்புகிறான். திருவிழா இத்தனை மணிக்கு, துண்டு விழுவது இத்தனை மணிக்கு, மின்நிலையத்தை வெடிவைத்துத் தகர்ப்பது, ஊர் ஒலிபெருக்கியைக் கைப்பற்றுவது, மக்களைப் பள்ளிக்கூட மைதானத்துக்கு நகர்த்துவது என்று கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு ஓடும் படமாக மாறிவிடுகிறது. கடிகாரத்தை நீங்களே எடுத்து மேசையில் வைத்தபிறகு, ‘காலண்டரைக் கேட்காதே, இது கனவு’ என்று சொல்ல முடியாது அல்லவா?

அதைவிடப் பெரிய குறை ஒன்று இருக்கிறது, அதை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. அப்பா. மிட்சுஹாவின் அப்பா மனைவி இறந்தபின் கோயிலையும் மகள்களையும் விட்டுப் பிரிந்து போய், அரசியலுக்கு வந்து, ஊரின் மேயராக இருக்கிறார். ஊரைக் காலிசெய்ய உத்தரவு போடக்கூடியவர் அவர் ஒருவர்தான். தாக்கி, மிட்சுஹாவின் உடம்பில் போய்ச் சொல்லும்போது அவர் நம்பவில்லை. உன்னை டாக்டரிடம் காட்ட வேண்டும் என்கிறார். கடைசியில் விழுந்து புரண்டு ஓடி உண்மையான மிட்சுஹாவே வந்து நிற்கிறாள். கதவைத் திறக்கிறாள், அப்பா பார்க்கிறார். வெட்டு. அடுத்து என்ன பேசினாள், எப்படி நம்பினார் என்பதே படத்தில் கிடையாது. பிறகு பழைய செய்தித்தாள்களில் படிக்கிறோம்: மேயர் தற்செயலாக அன்று பேரிடர் ஒத்திகை நடத்தினாராம், மக்கள் பிழைத்தார்களாம். வருஷக்கணக்காகப் பேசாத அப்பாவும் மகளும், ஐநூறு உயிரும் ஒரு உரையாடலில் தொங்கும்போது, அந்த உரையாடலை விழுங்கிவிட்டு காதலர்கள் ஓடுவதை இன்னும் இரண்டு நிமிடம் காட்டுகிறார்கள். இந்தப் படத்தில் எனக்கு உண்மையிலேயே கோபம் வரும் இடம் இதுதான். காதல் கதை என்ற முத்திரை, கதையின் நடுமுதுகெலும்பை உருவி எடுத்த இடம்.

இப்போது ஊருக்கு வருகிறேன்.

2011 மார்ச் 11 அன்று ஜப்பானின் வடகிழக்குக் கடலோரத்தை நிலநடுக்கமும் சுனாமியும் தாக்கின. இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாகப் பதினெட்டாயிரத்துக்கு மேல். அந்த ஜூலையில் ஷின்காய் மியாகி மாநிலத்தின் நதோரி நகரில் இருக்கும் யுரியாகே என்ற கடலோரப் பகுதிக்குப் போனார். அந்தப் பகுதியில் மட்டும் 700-க்கும் மேற்பட்டவர்கள் இறந்திருந்தார்கள். இது என் ஊராக இருந்திருக்கலாம், நான் இந்த ஊர்க்காரனாக இருந்திருந்தால் என்ற எண்ணத்திலிருந்துதான் ஆள்மாறும் கதை முளைத்தது என்று பின்னால் அவர் சொல்லியிருக்கிறார். அன்று யுரியாகேயில் நகராட்சியின் அவசர ஒலிபெருக்கி அமைப்பு நிலநடுக்கத்தில் பழுதாகி, எச்சரிக்கை ஒலிக்கவே இல்லை. இதைத் தெரிந்துகொண்டு, பள்ளி ஒலிபரப்பு அறையில் மிட்சுஹாவின் தோழி சயாகா நடுங்கும் குரலில் ‘உடனே வெளியேறுங்கள்’ என்று அறிவிக்கும் காட்சியைத் திரும்பப் பாருங்கள். முதல் தடவை எனக்கு அது பள்ளிப் பிள்ளைகளின் சாகசமாகத்தான் தெரிந்தது. இப்போது அந்தக் குரல் வரும்போது வேறு எதையும் யோசிக்க முடிவதில்லை. 2004 டிசம்பருக்குப் பிறகு நாகப்பட்டினம் கரையில் நின்ற யாருக்கும் ‘ஒரு மணி நேரம் முன்னால் யாராவது சொல்லியிருந்தால்’ என்ற நினைப்பை விளக்க வேண்டியதில்லை.

அப்புறம் அந்தக் கோயில் விஷயம். இடோமோரியில் நடனம், கயிறு பின்னுதல், அரிசியை மென்று துப்பி நொதிக்கவிட்டுச் செய்யும் ‘குச்சிகாமிஸாகே’ எல்லாம் தலைமுறைகளாகத் தொடர்கின்றன. ஆனால் இருநூறு வருஷத்துக்கு முன் நடந்த ஒரு தீவிபத்தில் ஏடுகள் எரிந்துபோய், எதற்காகச் செய்கிறோம் என்பது மறந்துவிட்டது. சடங்கு மட்டும் மிஞ்சியது. அந்த வால்நட்சத்திரம் 1,200 வருஷத்துக்கு ஒருமுறை வருவது. ஊரின் ஏரியே பழைய வீழ்ச்சியில் உண்டான பள்ளம். மலைமேல் கோயிலுக்குரிய ஒரு குகையின் கூரையில் அதைத்தான் வரைந்து வைத்திருக்கிறார்கள். முன்னோர்கள் எச்சரிக்கையைச் சடங்காக முடிச்சுப்போட்டு அனுப்பினார்கள், வழியில் அர்த்தம் மட்டும் அவிழ்ந்துவிட்டது. ஜப்பானியக் கடலோரக் கிராமங்களில் ‘இதற்குக் கீழே வீடு கட்டாதே’ என்று முன்னோர் நட்டுவைத்த சுனாமிக் கற்கள் உண்டு. படத்தின் ஆழம் எங்கே இருக்கிறது என்று என்னைக் கேட்டால், பாட்டி ஹிதோஹா மலையேறிக்கொண்டே ‘முஸுபி’ (பிணைப்பு, முடிச்சு) பற்றிப் பேசும் அந்த மூன்று நிமிடத்தில் என்பேன். நூல் சேர்வதும் அறுவதும் மறுபடி சேர்வதும்தான் காலம் என்கிறாள். காதல் அந்தப் பெரிய பின்னலில் ஒரு இழை. படம் அந்த இழையை மட்டும் பிடித்து இழுத்ததில் மற்றவை சுருங்கிப்போயின.

ஜப்பானில் வேறொரு விமர்சனமும் எழுந்தது: செத்தவர்களைக் கதையில் பிழைக்க வைப்பது, உண்மையில் இழந்தவர்களுக்கு என்ன ஆறுதல்? எனக்கு இதில் இன்னும் ஒரு முடிவு வரவில்லை. ஊர் தப்பித்ததும் நெஞ்சு லேசாகிறது, உடனே அந்த லேசான தன்மையைப் பார்த்தே வெட்கமாகவும் இருக்கிறது. ஷின்காய்க்கும் இது உறுத்தியிருக்க வேண்டும் என்று அடுத்த படங்களைப் பார்த்தால் தோன்றுகிறது. 2019-ல் வந்த படத்தில் பையன் பெண்ணைக் காப்பாற்றுகிறான், ஆனால் விலையாக டோக்கியோவே நீரில் மூழ்குகிறது. 2022-ல் வந்த ‘ஸுஸுமே’யில் 2011 சுனாமியை நேராகவே வைக்கிறார்; அதில் போன அம்மா போனவள்தான், திரும்பி வருவதில்லை. மூன்று படத்தையும் வரிசையாகப் பார்த்தால் ஒரு மனுஷன் தன் பதிலைத் தானே திருத்திக்கொண்டே போவது தெரியும். உங்களுக்கு நேரமிருந்தால் அப்படிப் பாருங்கள். ‘ஸுஸுமே’ கதையாக இதைவிட இறுக்கம், ஆனால் இதில் இருக்கும் அந்தப் பதற்றமான துடிப்பு அதில் இல்லை.

சில்லறைக் குறைகள்: அவள் உடம்பில் எழும்போதெல்லாம் தாக்கி மார்பைப் பிடித்துப் பார்க்கும் நகைச்சுவை ஒரு தடவைக்கு மேல் சலிப்பு, வீட்டில் எல்லாரோடும் உட்கார்ந்து பார்த்தால் நெளிய வைக்கும். பாட்டுகள் நன்றாக இருக்கின்றன, ஆனால் நாம் என்ன உணர வேண்டும் என்று பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டே இருக்கின்றன.

கடைசிக் காட்சி. வருஷங்கள் ஓடிவிட்டன, இரண்டு பேரும் டோக்கியோவில், எதையோ தேடுகிறோம் என்பது மட்டும் தெரிகிறது, எதை என்று தெரியவில்லை. எதிரெதிர் ரயிலில் பார்த்துக்கொண்டு, இறங்கி ஓடி, ஒரு கோயில் படிக்கட்டில் கடந்துபோய், திரும்பி, இரண்டு பேரும் ஒரே சமயத்தில் ‘உன் பெயர்…’ என்கிறார்கள். தலைப்பு அதுதான். ஜப்பானியத்தில் அந்தத் தலைப்பு பாதியில் நிற்கும் ஒரு வாக்கியம், ஆனால் ஆச்சரியமாக அதற்கு முற்றுப்புள்ளி வைத்திருக்கிறார்கள். 1952-ல் இதே பெயரில் ஜப்பான் வானொலியில் ஒரு நாடகம் வந்து நாட்டையே கட்டிப்போட்டது. குண்டுவீச்சு இரவில் ஒரு பாலத்தில் சந்தித்து, பெயர் சொல்லிக்கொள்ளாமலே பிரிந்த இருவரின் கதை. வயதானவர்களுக்குத் தலைப்பைக் கேட்டதுமே அது நினைவுக்கு வந்திருக்கும்.

ஷின்காயின் 2007 படத்தில் இதே போல ஒரு ரயில்வே கேட்டில் இரண்டு பேர் கடந்துபோவார்கள், அவன் திரும்பிப் பார்ப்பான், நடுவே ரயில் ஓடும், ஓடி முடிந்தால் அவள் இருக்கமாட்டாள். அதைப் பார்த்துப் பழகிய எனக்கு இந்தப் படிக்கட்டில் அவர்கள் ஒருவரையொருவர் தாண்டிப் போய்விட வேண்டும் என்றிருந்தது. திரும்பாமலே. முதல் தடவை பார்த்த இரவில் அவர்கள் திரும்பியதும் ‘ச்சே’ என்று சொன்னது ஞாபகம் இருக்கிறது, கண்ணில் தண்ணீரோடு.

போன வருஷம் அக்கா மகளிடம் இதைச் சொல்லி, அந்தப் படியில் அவன் கடந்துபோன நொடியில் ரிமோட்டை எடுத்து நிறுத்தப் போனேன். கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். “அவ ஒரு தடவை ரயில்ல போய் நின்னு ‘யார் நீ’ன்னு கேட்டுட்டு வந்தாச்சு மாமா. இன்னொரு தடவையுமா?”

அதற்கு என்னிடம் பதில் இல்லை. முழுதாகப் பார்த்தோம்.